யாளிமேல் அமர்ந்தவனுக்குப் பெயர் இல்லை

பெங்களூரின் நீலசந்திராவிலும் அதை ஒட்டிய ஆஸ்டின் டவுன், விவேக்நகர் தெருக்களிலும் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படித்து வளரும் பிள்ளைகள் ஏராளம். பதின்மூன்று, பதினான்கு வயதில் அவர்கள் விரும்பி எடுக்கும் கதைப் புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகமாகவே இருக்கிறது. டிராகனும் அதன்மேல் ஏறிப் பறக்கும் இளைஞனும் வரும் நாவல்களுக்கு அந்த வாசிப்பில் தனி இடம் உண்டு. இதைப் பார்த்து, பிள்ளைகள் அந்நியக் கற்பனையில் மூழ்கிப் போகிறார்கள் என்று வருந்துவோர் இருக்கிறார்கள். என் வாதம் வேறு. அந்த நாவல்களின் உயிர் டிராகனின் சிறகிலோ அது கக்கும் நெருப்பிலோ இல்லை. தன்னைவிடப் பெரிய, தன்னைவிட வலிய ஓர் உயிரோடு இன்னும் முதிராத ஒரு மனிதர் செய்துகொள்ளும் உடன்பாட்டில் இருக்கிறது. அப்படியோர் உடன்பாட்டின் கதை தமிழில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. நீலசந்திராவுக்குச் சற்று வடக்கே உள்ள அல்சூர் சோமேஸ்வரர் கோவில் தூண்களில் அதற்கேற்ற விலங்கான யாளி கல்லாகவும் நிற்கிறது. ஆனால் இன்றைய பதின்பருவ வாசகருக்கான தமிழ் நாவலாக அந்தக் கதை இன்னும் பிறக்கவில்லை. அந்தக் குறை நம்முடையது, பிள்ளைகளுடையது அல்ல.

முதலில் டிராகன் கதையின் வரலாற்றைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது மேற்குலகின் தொன்மையான சொத்து என்ற எண்ணம் நம்மிடையே வலுவாக இருக்கிறது. தொன்மையானது டிராகன், டிராகன்மேல் ஏறும் மனிதன் அல்ல. பேவுல்ஃப் காவியத்தின் கிழட்டு வீரன் டிராகனோடு பொருதியே உயிர்விடுகிறான். புனித ஜார்ஜின் ஈட்டி அதன் உடலில் பாய்கிறது. சிகுர்ட் அதைக் குத்திக் கொன்று அதன் இரத்தத்தைச் சுவைத்த பிறகே பறவைகளின் பேச்சு புரிகிறவனாகிறான். பல நூற்றாண்டுகளாக அந்த விலங்கு கொல்லப்பட வேண்டிய பகையாகவே இருந்தது. அதைக் கூட்டாளியாக்கி, அதனோடு மனம் விட்டுப் பேசும் மனிதர்களைப் படைத்துப் பெரும் வாசகர் கூட்டத்தை ஈர்த்தவர் ஆன் மெக்காஃப்ரி. அவருடைய ‘டிராகன்ஃபிளைட்’ வெளிவந்த ஆண்டு 1968. புனைகதைக்காக ஹியூகோ விருது பெற்ற முதல் பெண் அவர். அவருடைய உலகில் முட்டையிலிருந்து வெளிவரும் டிராகன் தன் மனிதரைத் தானே தேர்ந்துகொள்கிறது. அந்த மனிதர் இறந்தால் தானும் உயிரை விடுகிறது. 1976இல் இளையோருக்காக அவர் எழுதிய ‘டிராகன்சாங்’ நாவலில், பாட்டுக் கட்டக்கூடாது என்று தந்தையால் தடுக்கப்பட்ட மெனொலி என்ற மீனவர் குடியிருப்புப் பெண், குட்டி டிராகன்கள் போன்ற பறக்கும் பல்லிகளுக்கு உணவூட்டித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறாள். ஆக, மெக்காஃப்ரி மரபைப் பின்பற்றவில்லை, தன் மரபின் முதன்மையான பகையை நட்பாக்கினார். நாம் அவரிடமிருந்து கற்க வேண்டியது அந்தச் செயலை. அவருடைய டிராகனை அப்படியே இறக்குமதி செய்வதால் நமக்கு ஆகப்போவது எதுவும் இல்லை.

கிறிஸ்டோபர் பாவ்லினி தன் 15ஆம் வயதில் எழுதத் தொடங்கி, 2002இல் குடும்பமே அச்சிட்டு, 2003இல் நாஃப் பதிப்பகம் மீண்டும் வெளியிட்ட ‘எராகன்’ இந்த வகைக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தந்தது. அதில் மலைக்காட்டில் வேட்டைக்குப் போன ஓர் உழவர் வீட்டுப் பையனுக்கு நீலக் கல் ஒன்று கிடைக்கிறது. இறைச்சிக்கு விலையாகக் கொடுக்கலாம் என்று அதை வீட்டுக்குக் கொண்டுவருகிறான். பிறகு அது முட்டை என்று தெரிகிறது. குட்டியைத் தொட்டதும் உள்ளங்கையில் வெள்ளி நிறத் தழும்பு விழுகிறது. அந்த நாவலில் நான் முக்கியமாகக் கருதும் பாத்திரம் எராகனோ அவனுடைய சஃபிராவோ அல்ல. தன் டிராகனை இழந்த பிறகும் உயிரோடிருக்கும் கதைசொல்லிக் கிழவர் புரோம். உடன்பாட்டின் விலை என்ன என்பதை அவர்தான் காட்டுகிறார். பதின்பருவத்தில் ஒருவர் முதன்முதலாகத் தன்னையல்லாத ஓர் உயிருக்குப் பொறுப்பேற்கிறார், அதை இழக்கவும் கூடும் என்று உணர்கிறார். தேர்ந்துகொள்ளப்படுதல், நிபந்தனைக்குக் கட்டுப்படுதல், இழத்தல் ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது பறக்கும் குதிரைதான்.

இந்த மூன்றும் உதயணன் கதையில் இருக்கின்றன. அதைச் சொல்லும் கொங்குவேளிரின் பெருங்கதை, குணாட்டியரின் பிருகத்கதை மரபில் வந்த தமிழ்க் காப்பியம். உ.வே. சாமிநாதையர் 1924இல் அதைப் பதிப்பித்தார். கிடைத்த நூலில் உஞ்சைக் காண்டத்தின் முதல் 31 காதைகள் இல்லை. அந்தத் தொடக்கப் பகுதியை, அதே கதையைச் சொல்லும் உதயணகுமார காவியத்தைக் கொண்டுதான் நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிருகத்கதையை வடமொழியில் ஆக்கியவன் கங்க மன்னன் துர்விநீதன் என்று செப்பேட்டுச் சான்று சொல்கிறது. கொங்குவேளிர் அவன் நூலைத்தான் தழுவினார் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. அது உண்மையானால், இன்றைய பெங்களூரைச் சுற்றியுள்ள கங்க நாட்டு மண்ணுக்கு இந்தக் கதையில் நேரடி உரிமை இருக்கிறது. உதயணன் அரச குலத்தான், ஆனால் அரண்மனையில் பிறந்தவன் அல்ல. காட்டில், முனிவர் குடிலில் பிறந்து வளர்கிறான். பிரமசுந்தர முனிவரிடமிருந்து கோடவதி என்ற யாழைப் பெறுகிறான். அதன் இசைக்குக் காட்டு யானைகள் பணிகின்றன. அவற்றுள் தெய்வத்தன்மை வாய்ந்த ஒரு யானை தானே முன்வந்து அவனுக்குத் துணையாகிறது. பிறகு கனவில் வந்து நிபந்தனை சொல்கிறது. பாகன் ஒருவன் என்மேல் ஏறக்கூடாது. எனக்கு உணவு தராமல் நீ முதலில் உண்ணக்கூடாது. மீறினால் நான் உன்னைவிட்டு நீங்குவேன்.

அரச குலத்தானும் யானையும் பேசிக்கொள்ளும் இடத்தில் நாட்டைக் காப்பது, பகைவரை வெல்வது போன்ற பெரிய நிபந்தனைகளைத்தான் எதிர்பார்ப்போம். இங்கே கேட்கப்படுவது ஒரு வேளைச் சோறு. எனக்கு முன்னால் நீ சாப்பிடாதே. விலங்கோடு வாழும் எவருக்கும் தெரிந்த மிக எளிய அறம் அது; மறந்துபோக மிகவும் வாய்ப்புள்ள அறமும் அதுவே. உதயணன் மறந்துவிடுகிறான். அரசாட்சி கிடைத்து, இன்பக் களிப்பில் திளைத்திருந்த ஒரு நாள் யானையை மறந்து முதலில் உண்கிறான். யானை போய்விடுகிறது. அதைத் தேடிக் காட்டுக்குப் போனவனை உஞ்சை மன்னன் பிரச்சோதனன் ஏமாற்றிப் பிடிக்கிறான். எப்படி? உள்ளே வீரர்களை ஒளித்துவைத்த பொய் யானை ஒன்றைக் காட்டில் நிறுத்தி. உண்மையான யானைக்குச் செய்த பிழைக்குத் தண்டனை பொய் யானையின் வடிவில் வருகிறது. இவ்வளவு இறுக்கமான கதைக்கட்டு இன்றைய மிகுபுனைவு நாவல்களில் அடிக்கடி கிடைப்பதில்லை.

அதன் பிறகும் கதை யானைகளை விட்டு விலகுவதில்லை. சிறையிலிருந்த உதயணன், வெறிகொண்டு ஊரை அழிக்கும் நளகிரி என்ற யானையை யாழிசையால் அடக்குகிறான். பிரச்சோதனனின் மகள் வாசவதத்தைக்கு யாழ் கற்பிக்கும் ஆசானாகிறான். கடைசியில் அவளோடு பத்திராபதி என்ற பிடியின்மேல் ஏறித் தப்புகிறான். அந்த ஓட்டம் எப்படி வகுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காதைப் பெயர்களே சொல்லும். மருதநிலம் கடந்தது, முல்லைநிலம் கடந்தது, குறிஞ்சிநிலம் கடந்தது, நருமதை கடந்தது, பாலைநிலம் கடந்தது என்று ஒரு காதைக்கு ஒரு நிலமாகப் பிடி ஓடிக்கொண்டே இருக்கிறது. வயல், முல்லைக்காடு, மலை, ஆறு, வறண்ட வெளி எல்லாம் ஒரே யானையின் முதுகிலிருந்து காணப்படுகின்றன. டிராகன் நாவல்களில் பறத்தல் வாசகருக்குத் தரும் மகிழ்ச்சி, உலகை ஒரே மூச்சில் மாறிமாறிப் பார்க்கும் மகிழ்ச்சிதான். அதைத் தமிழ்க் கவி, திணைகளின் வரிசையைப் பயன்படுத்தித் தரையிலேயே செய்துவிட்டார். அடுத்த காதையின் பெயர் ‘பிடி வீழ்ந்தது’. ஓடிய உழைப்பும் நோயும் சேர்ந்து பத்திராபதி இறக்கிறது. உதயணன் அதன் செவியில் மந்திரம் சொல்லி வழியனுப்புகிறான். புரோமின் துயரத்தைப் படித்துக் கலங்கிய எந்தப் பிள்ளைக்கும் இந்தக் காதை புரியும்.

இப்போது கல்லுக்கு வரலாம். ஆளி என்றும் யாளி என்றும் நம் நூல்கள் சொல்லும் விலங்கு சங்க இலக்கியத்தில் சவாரிக்கு உரியது அல்ல. யானையைக் கொல்லும் வேட்டை விலங்கு. பொருநராற்றுப்படை கரிகாலனின் இளமைப் போரைச் சொல்லும்போது, பால்குடி மறவாத ஆளிக்குட்டி தன் முதல் வேட்டையிலேயே களிற்றை வீழ்த்தியதற்கு ஒப்பிடுகிறது. இளமையும் ஆளியும் அப்போதே இணைந்துவிட்டன, ஆனால் ஒப்புமையாக மட்டும். விசயநகர, நாயக்கர் காலச் சிற்பிகள் அந்த விலங்கைப் பின்னங்கால்களில் நிறுத்தி, முதுகில் ஒரு மனிதனை ஏற்றினார்கள். ஹம்பி விட்டலர் கோவிலிலும், வேலூர்க் கோட்டையிலுள்ள சலகண்டேசுவரர் கோவில் கல்யாண மண்டபத்திலும் இதைப் பார்க்கலாம். வேலூர் மண்டபத்து வெளித்தூண்களில் யாளியும் குதிரையும் கால் தூக்கிப் பாய்கின்றன. ஏறியவனின் கால் விலாவை இறுக்கியிருக்கிறது. கீழே சிறிய உருவங்கள் மோதலில் சிக்கி நிற்கின்றன. சேலம் மாவட்டத்துத் தாரமங்கலம் கைலாசநாதர் கோவிலில் இதே கலை இன்னொரு திறத்தைக் காட்டுகிறது. அங்கே யாளியின் வாய்க்குள் உள்ள கல் உருண்டையை விரலால் உருட்டலாம். வெளியே எடுக்க முடியாது. பல்லும் நாக்கும் உருண்டையும் ஒரே கல்லில் குடைந்து விடுவிக்கப்பட்டவை. அல்சூர் சோமேஸ்வரர் கோவில் சோழர் காலத்தில் தொடங்கி விசயநகரத்தின் பிற்காலத்தில் விரிந்தது. அதன் யாளித் தூண்களும் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவையே. கொன்று தின்னும் விலங்கை மனிதனைச் சுமக்கும் விலங்காக மாற்றும் வேலையை, மெக்காஃப்ரிக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே இந்தச் சிற்பிகள் முடித்துவிட்டார்கள். ஆனால் அந்த வீரன் யார், எந்த ஊர், விலங்கு அவனை ஏன் ஏற்றுக்கொண்டது என்று எந்த நூலும் சொல்லவில்லை. யாளிக்கும் பெயர் இல்லை. அதன்மேல் அமர்ந்தவனுக்கும் பெயர் இல்லை. கல் எட்டிய இடத்தை நம் மொழி இன்னும் எட்டவில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. தெய்வங்களின் ஊர்திகள் இருக்கும்போது பெயரில்லை என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் கருடனும் திருமாலும் ஒருவருக்கொருவர் வரம் கொடுத்துக்கொள்கிறார்கள். உனக்கு மேலே இருக்க வேண்டும் என்று கருடன் கேட்கிறான், என் ஊர்தியாக இரு என்று திருமால் கேட்கிறார். கொடியில் மேலாகவும் ஊர்தியாகக் கீழாகவும் இருந்து இரண்டையும் கருடன் நிறைவேற்றுகிறான். கந்தபுராணத்தில் தோற்ற சூரபன்மனே மயிலாகிறான். இவை அருமையான உடன்பாடுகள். ஆயினும் இவற்றில் ஏறுபவர் கடவுள். கடவுள் வளர்வதில்லை, மறப்பதில்லை, சோறு போட மறந்துவிட்டு அழுவதில்லை. பதின்பருவ நாவலுக்குப் பிழை செய்யக்கூடிய ஒருவர் வேண்டும். அதனால்தான் முருகனைவிட உதயணன் இந்த வகைக்கு நெருக்கமானவன் என்கிறேன்.

எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று பெருமை பேசும் பழைய பல்லவிதானே இது என்ற மறுப்பு இன்னும் கூர்மையானது. அந்தப் பல்லவியில் எனக்கு நம்பிக்கை இல்லை. காரணம் உதயணன் கதையிலேயே இருக்கிறது. யானை விதித்த முதல் நிபந்தனையைத் திரும்பப் பாருங்கள். பாகன் ஏறக்கூடாது. யானையோடு உண்டு, உறங்கி, அதன் காயத்துக்கு மருந்து வைக்கும் மனிதனை வெளியே நிறுத்திவிட்டுத்தான் அரசகுமாரனின் நட்பு தொடங்குகிறது. எராகன் உழவர் வீட்டுப் பிள்ளை, மெனொலி மீனவர் குடியிருப்புப் பெண். நம் காப்பியத்தில் யானை உயர்குலத்தானை மட்டும் தேர்ந்துகொள்கிறது. வாசவதத்தை பிடியின்மேல் ஏற்றிக் கொண்டுபோகப்படுகிறாள், அவளை எந்த யானையும் தேர்ந்துகொள்ளவில்லை. இந்த இடத்தில் மேலைநாட்டு இளையோர் நாவல் நம் பழங்கதையைவிட முன்னே நிற்கிறது, அதை ஒப்புக்கொள்வதில் நமக்கு இழுக்கு இல்லை. தமிழ் நவீன எழுத்தில் இதை ஓரளவு திருப்பிப் போட்டவர் கல்கி. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் யானைகளின் பேச்சறிந்த அருள்மொழிவர்மன் பாகன் வேடத்தையே பூணுகிறான். இளவரசன் பாகனாகலாம் என்று அவர் காட்டினார். பாகனே கதாநாயகனாகும் கதையை அடுத்து வருபவர்கள் எழுத வேண்டியிருந்தது. பெரிதாக யாரும் எழுதவில்லை.

எழுதுவதற்கான வாழ்க்கை கண்முன்னே இருக்கிறது. நீலகிரியின் தெப்பக்காடு முகாமில் காட்டுநாயக்கர் தம்பதி பொம்மனும் பெள்ளியும் தாயைப் பிரிந்த ரகு என்ற யானைக்குட்டியை வளர்த்த கதை ஆவணப்படமாகி 2023இல் ஆஸ்கர் பெற்றது. அந்தப் படத்தில் உலகம் கொஞ்சலைப் பார்த்தது; ரகு வளர்ந்ததும் அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறொருவர் பொறுப்புக்குப் போவதும் அதே படத்தில்தான் இருக்கிறது. ஆனைமலையின் கோழிகமுத்தி முகாமில் மலசர் குடியினர் தலைமுறை தலைமுறையாக பாகர்களான மாவூத்துகளாகவும் அவர்களின் உதவியாளர்களான காவடிகளாகவும் யானைகளோடு வாழ்கிறார்கள். கர்நாடகத்தில் அர்ச்சுனன் என்ற யானை மைசூர் தசராவில் 8 முறை 750 கிலோ தங்க அம்பாரியைச் சுமந்தது. 2023 டிசம்பரில் ஹாசன் மாவட்டத்தில் காட்டு யானையைப் பிடிக்கும் பணியில் அந்தக் காட்டு யானையோடு மோதி மாண்டது. கன்னட ஊர்கள் ஒரு மனிதரை இழந்ததைப் போல அழுதன. ஒரு யானையை அதன் சொந்த இனத்துக்கு எதிராக நிறுத்தும் கும்கி வாழ்க்கையில் இருக்கும் அறச்சிக்கல், எந்த டிராகன் போரிலும் இருப்பதைவிட ஆழமானது. தன் யானையைத் தன் சொல்லால் அந்தச் சண்டைக்கு அனுப்பும் பதினாறு வயதுக் காவடி ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். அவளிடம் கேட்கவும் அவள் சொல்லவும் ஒரு நாவல் அளவுக்குச் செய்தி இருக்கிறது.

யானை உண்மை விலங்காயிற்றே, மிகுபுனைவு தரும் வியப்பு அதில் எப்படிக் கிடைக்கும் என்று சிலர் கேட்பார்கள். அங்கேதான் யாளி பயன்படும். யானைகளின் பகையான யாளி, யானையோடு வளர்ந்த ஒருவரைத் தேர்ந்துகொண்டால் என்ன நடக்கும்? கதை அந்த நொடியிலேயே தொடங்கிவிடுகிறது. பெயரில்லாத வீரனுக்குப் பெயர் வைக்கவும், பாகன் ஏறக்கூடாது என்ற விதியை உடைக்கவும் அதில் இடம் இருக்கிறது. ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். டிராகன் என்று வரும் இடமெல்லாம் யாளி என்று மாற்றி, எராகனின் கதைப்போக்கை அப்படியே வைத்துக்கொள்வது எழுத்து ஆகாது. இந்திர தாஸ் 2023இல் வெளியிட்ட ‘தி லாஸ்ட் டிராகனர்ஸ் ஆஃப் பௌபஜார்’ குறுநாவல் இதைத் தவிர்க்கலாம் என்பதற்கு நல்ல சான்று. டிராகன் ஏறிகளின் வழிவந்த ஒரு குடும்பம் கொல்கத்தாவில் மறைவாக வாழ்வதை அது சொல்கிறது. தன் வேரைப் பற்றிய நினைவே மறைக்கப்பட்டு வளரும் சிறுவனின் கதை அது. அந்நிய விலங்கைத் தன் ஊரின் தெருவிலும் தன் கேள்வியிலும் கரைத்துக்கொண்டதால் அது போலி ஆகவில்லை. ஆனால் அதுவும் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது.

தமிழில் எழுதினால் நீலசந்திராவில் யார் படிப்பார்கள் என்பது கடைசிக் கேள்வி. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் அங்கே பலர் என்பதை மறுக்க முடியாது. ஆனால் காது தமிழாகவே இருக்கும் பிள்ளைகள் அவர்கள். வாய்விட்டுப் படித்துக் காட்டும் நடையில், ஒலிநூலாகவும் வரும் வகையில் எழுதப்பட்ட நாவல் அவர்களைச் சென்றடையும். கதை பிடித்துவிட்டால் எழுத்தைத் தேடி அவர்களே வருவார்கள். சின்னஞ்சிறு குழந்தைகளுக்குத் தமிழில் நல்ல படப் புத்தகங்கள் வருகின்றன, பெரியவர்களுக்கு வரலாற்று நாவல்கள் குவிகின்றன. பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்களுக்கான அலமாரிதான் கிட்டத்தட்டக் காலியாக இருக்கிறது. பதிப்பாளர்கள் இந்த வயதை ஒரு தனி வாசகர் கூட்டமாகக் கருதி, எழுத்தாளர்களுக்கு முன்பணமும் ஓவியர்களுக்கு உரிய ஊதியமும் கொடுத்து நாவல்கள் எழுதச் சொல்ல வேண்டும். எழுத வருபவர்கள் எராகனைப் படிக்கட்டும், அதோடு பெருங்கதையின் உஞ்சைக் காண்டத்தையும் உரையோடு படிக்கட்டும். பிறகு ஒரு நாள் காலையில் அல்சூர் கோவிலுக்குப் போய் அந்த யாளிகளுக்கு எதிரே நின்று, என்ன பெயர் வைக்கலாம் என்று யோசிக்கட்டும்.